ஒரு நாவலாசிரியையின் வரவுக் கணக்கு

திருகோணமலை எஸ்பிளனேட் பகுதியிலுள்ள பழைய ஆங்கிலேயர் மயானத்தில் றியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் என்பவரது கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாகவிருந்த அவர், இரண்டாவது பர்மிய யுத்தத்தின்போது 1852 ஒக்டோபரில் ஐராவதி நதியிலே கொலரா கண்டு இறந்தார். அவரது உடல் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டது. அவரது மூத்த சகோதரிகளுள் ஒருவர் ஜேன் ஒஸ்டின். ஆங்கிலக் காதல் நாவலுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று இன்று உலகெங்கும் பேசப்படுபவர் அவரே.

1801ஆம் ஆண்டு இளம் கடற்படை அதிகாரியாக இருந்த சார்ள்ஸுக்கு, எதிரிக் கப்பலொன்றைப் பிடித்ததற்கான பரிசுப் பணத்தில் தன் பங்காக 30 பவுண் கிடைத்தது. மேலும் 10 பவுண் வருமென்றும் எதிர்பார்த்தார். அப்பணத்தில் தன் இரு சகோதரிகளுக்கும் பொற்சங்கிலிகளும் புஷ்பராகச் சிலுவைகளும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1803இல், ஜேன் தன் முதலாவது நாவலை விற்றார். அதற்குக் கிடைத்த முழுத் தொகையும் 10 பவுண்தான்.

இலக்கியக் கூட்டங்களில் பணத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு இங்கிதமாகப் படுவதில்லை. "எழுத்து வியாபாரமல்ல" என்று மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டல் எழும். ஆனால், அச்சகக்காரருக்கும் கடதாசி வியாபாரிக்கும் அது வியாபாரந்தான். எழுதியவர் ஒருவருக்கு மட்டும் அது வியாபாரமில்லாமற் போவது எப்படி என்ற கேள்விக்கு ஜேன் ஒஸ்டினின் கணக்கு நல்ல விடை தருகிறது. காதற் கதையெழுதும் நாவலாசிரியர் ஒருவர் பதிப்பாளரிடம் எவ்வளவு பெற்றார் என்பதை ஷில்லிங் கணக்கில் சொல்லத்தக்க பழைய உதாரணங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அவரது கடிதங்கள், பதிப்பாளர் ஜோன் மரேயின் பேரேடுகள், அவர் தன் கையாலேயே எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பு ஆகியவை இன்றும் எஞ்சியுள்ளன.

அக்காலத்தில் நூலாசிரியர் ஒருவர் பதிப்பாளருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பிரதானமாக நான்கு வகைப்பட்டன. உரிமையை ஒரேயடியாக விற்றுவிடுவது ஒன்று. அதன்பின் நூல் எத்தனை பதிப்புக் கண்டாலும் எழுதியவருக்குச் சல்லிக்காசும் இல்லை. அச்சுச் செலவைப் பதிப்பாளர் ஏற்று, வரும் இலாபத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வது இன்னொன்று. அச்சிடுமுன்பே வாசகர்களிடம் பணம் திரட்டுவது மூன்றாவது. நான்காவது கொமிஷன் முறை. இதில் நட்டம் முழுதும் ஆசிரியரைச் சாரும். பதிப்பாளர் அச்சிட்டு, விளம்பரப்படுத்தி, விற்றுக்கொடுத்து, விற்பனையில் நூற்றுக்குப் பத்து வீதம் கழித்துக்கொள்வார். உரிமை ஆசிரியரிடமே இருக்கும்.

ஜேனுக்கு முன்னிருந்த பெண் எழுத்தாளர்கள் சிலர் இவற்றிலே நன்றாகவே சம்பாதித்திருந்தனர். ஃபெனி பேர்னி 1778இல் தன் முதல் நாவலான 'எவெலினா'வை இருபது கினிக்கு விற்று ஏமாந்தார். பதிப்பாளர் பின்னர் மேலும் பத்துக் கினி கொடுத்தார். 1782இல் 'செசிலியா'வுக்கு 250 பவுண் பெற்றார். 1796இல் 'கமிலா'வை முற்பணப் பட்டியல் முறையில் வெளியிட்டு, அதன் உரிமையையும் 1000 பவுணுக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீடே கட்டிக்கொண்டார். அந்தப் பட்டியலில் ஒரு கினி செலுத்தியவர்களுள் ஸ்டீவன்டன் கிராமத்து செல்வி ஜே. ஒஸ்டினின் பெயரும் இருக்கிறது. அப்போது அவருக்கு வயது இருபது. ஆன் ரட்கிளிஃப் 1794இல் ஒரு நாவலுக்கு 500 பவுணும் 1797இல் இன்னொன்றுக்கு 800 பவுணும் பெற்றார். மரியா எட்ஜ்வேர்த் 1814இல் வெளிவந்த 'பேட்ரனேஜ்' நாவலுக்குப் பெற்றது 2100 பவுண். ஆகவே, பெண் எழுதினால் பணம் கிடையாது என்ற பொதுவான பேச்சு இங்கு பொருந்தாது. பெயர் எடுத்தவருக்குப் பணம் இருந்தது. பெயரில்லாதவரின் நிலைதான் வேறு.

ஜேனின் தந்தை ஜோர்ஜ் ஒஸ்டின் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்துப் பாதிரியார். 1797இல் மகளின் கையெழுத்துப் பிரதியொன்றை வெளியிட விருப்பமா என்று கேட்டு லண்டன் பதிப்பாளர் தொமஸ் கடெலுக்குக் கடிதம் எழுதினார். பிரதியை அனுப்பிப் பார்க்கவும் சொல்லாமல், மறு தபாலிலேயே மறுப்பு வந்தது. பிற்காலத்தில் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' ஆக மாறியது அந்தப் பிரதிதான். அதன் பின்னரே 1803இல் 'சூசன்' என்ற நாவல் கிரொஸ்பி கம்பனிக்கு 10 பவுணுக்கு விற்கப்பட்டது. கிரொஸ்பி விளம்பரம் செய்தாரே தவிர நூலை அச்சிடவில்லை. ஆறு வருடங்கள் பிரதி லண்டனில் தூங்கியது. 1809 ஏப்ரலில் ஜேன் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதி, பிரதி தொலைந்திருந்தால் இன்னொரு பிரதி தருவதாகவும், வெளியிடாவிட்டால் வேறிடம் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். பதில் சுருக்கமாக வந்தது. இன்ன காலத்துக்குள் வெளியிட வேண்டுமென்று ஒப்பந்தம் ஏதுமில்லை. வேறு யாரேனும் வெளியிட்டால் வழக்குத் தொடுப்போம். வேண்டுமானால் நாங்கள் கொடுத்த விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பத்துப் பவுணை அப்போது அவர் கொடுக்கவில்லை.

அவரது நிலைமையை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1805 ஜனவரியில் தந்தை இறந்தார். தாயும் கசண்ட்ரா, ஜேன் என்ற இரு மகள்மாரும், தாயின் சிறு வருமானத்தோடு சகோதரர்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தில், வருடம் சுமார் 450 பவுணில் குடும்பம் நடத்தினர். பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால், ஜேனின் கையில் தனக்கென்று வருமானம் இல்லை. ஊர் ஊராக மாறியபின் 1809 ஜூலையில் சகோதரர் எட்வேர்ட் தன் தோட்டத்தைச் சேர்ந்த சோட்டன் கிராமத்து வீட்டில் அவர்களைக் குடியமர்த்தினார்.

1811 ஒக்டோபர் இறுதியில் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' வெளிவந்தது. பதிப்பாளர் தொமஸ் எகர்டன். ஒப்பந்தம் கொமிஷன் முறை. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் போடப்பட்டது. வரப்போகும் நட்டத்தை ஈடுசெய்ய ஜேன் தன் சொற்ப பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்தார் என்று சகோதரர் ஹென்றி பின்னர் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தை வாசிக்கும்போது நம்மவர்கள் பலருக்கு ஒரு புன்னகை வரும். எமது ஊர்களில் கதைத் தொகுதி போடும் ஒருவர் சம்பளக் கடன் எடுத்து அச்சகத்துக்குக் கட்டுகிறார். வெளியீட்டு விழாவில் ஹாஜியார் ஒருவர் முதற் பிரதியைப் பெற்றுக்கொள்கிறார். விழா முடிந்தபின் கட்டிலுக்குக் கீழே இருக்கும் கட்டுக்களை வீட்டுக்காரி தூசி தட்டி அடுக்கி வைக்கிறாள். ஜேன் ஒஸ்டின் தொடங்கியதும் இதே முறையில்தான். வித்தியாசம் ஒன்றே. அவருடைய நூலை விற்றுக்கொடுக்க ஒரு பதிப்பாளரும், வாங்குவதற்கு இரவல் நூலகங்களும் இருந்தன.

இரவல் நூலகம் என்பதைச் சற்று விளக்கவேண்டும். மூன்று பாகங்களாக வந்த அந்நாவலின் விலை 15 ஷில்லிங். வயலில் கூலி வேலை செய்பவர் ஒருவரின் ஒரு கிழமைச் சம்பளத்தை அது விழுங்கிவிடும். நெப்போலியன் யுத்த காலமாகையால் கடதாசி விலை உச்சத்தில் இருந்தது. நூலொன்றின் செலவில் பெரும்பங்கு கடதாசிக்கே போயிற்று. ஆதலால் நடுத்தர வகுப்பினர் நாவலை வாங்குவதில்லை. சந்தா கட்டி இரவல் எடுத்தார்கள். ஒரு பிரதியைப் பலர் வாசித்தாலும் ஆசிரியருக்குச் சேர்வது அந்த ஒரு பிரதியின் பங்கு மட்டுமே. எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதற்கும் எவ்வளவு வருமானம் வந்தது என்பதற்குமிடையே ஒரு பெரிய பள்ளம் இருந்தது.

எனினும் அந்நூல் நட்டப்படவில்லை. 1813 ஜூலைக்குள் பிரதிகள் யாவும் தீர்ந்தன. கையில் 140 பவுண் இலாபம் வந்தது. உரிமையும் அவரிடமே இருந்தது.

இந்த இலாபம் தெரியவருமுன்பே அவர் அடுத்த நாவலை விற்றுவிட்டார் என்பதுதான் கணக்கின் சோகமான பகுதி. 1812 இறுதியில் 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' உரிமையை எகர்டனிடம் கொடுத்தார். கேட்டது 150, கிடைத்தது 110. அந்தத் தொகையும் உடனே அல்ல, ஒரு வருடம் கழித்து. லண்டனில் வங்கி நடத்திக்கொண்டிருந்த ஹென்றிதான் சகோதரிக்காகப் பதிப்பாளர்களோடு பேசிவந்தார். முழுதாக விற்றுவிட்டால் ஹென்றிக்கு அலைச்சல் குறையும் என்று ஜேன் எழுதியிருக்கிறார். 1813 ஜனவரி 28ஆம் திகதி நூல் வெளிவந்தது. விலை 18 ஷில்லிங். அவ்வருடமே இரண்டாம் பதிப்பு, 1817இல் மூன்றாம் பதிப்பு. முதலிரு பதிப்புகளில் மட்டும் எகர்டனுக்கு ஏறத்தாழ 450 பவுண் இலாபம் வந்திருக்கலாமென ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். இருநூறு வருடங்களாக அச்சிலிருந்து நீங்காத ஒரு நாவலுக்கு, எழுதியவர் தன் வாழ்நாளில் கண்டது 110 பவுண் மட்டுமே.

அதன்பின் அவர் ஒரு நூலையும் முழுதாக விற்கவில்லை. 1814 மே மாதம் 'மான்ஸ்பீல்ட் பார்க்' மீண்டும் கொமிஷன் முறையில் வந்து ஆறு மாதத்தில் தீர்ந்தது. இலாபம் 300 பவுணைத் தாண்டியது. அவரது எந்த நூலும் அவருக்கு உயிரோடிருக்கையில் இவ்வளவு கொடுக்கவில்லை. இரண்டாம் பதிப்புப் போட எகர்டன் முன்வரவில்லை. ஜேன் அவரை விட்டு, பைரனின் கவிதைகளை வெளியிட்டுவந்த ஜோன் மரேயிடம் போனார்.

1815 ஒக்டோபரில் மரே ஒரு விலை சொன்னார். புதிய நாவலான 'எம்மா', அதோடு 'மான்ஸ்பீல்ட் பார்க்', 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' ஆகிய மூன்றின் உரிமைக்கும் சேர்த்து 450 பவுண். மரே ஒரு கள்ளன், ஆனால் பண்பான கள்ளன் என்ற கருத்துப்பட ஜேன் தன் சகோதரிக்கு எழுதினார். முந்திய இரு நூல்களின் சிறிய பதிப்புகளிலேயே இதற்குமேல் சம்பாதித்தாயிற்றே என்று ஹென்றி மரேக்குப் பதில் எழுதினார். 110 பவுண் கற்பித்த பாடம் அவர்கள் மனதில் இருந்திருக்கவேண்டும். உரிமையைக் கொடுக்காமல் கொமிஷன் முறையிலேயே 'எம்மா'வை 2000 பிரதிகளும், 'மான்ஸ்பீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பை 750 பிரதிகளும் அச்சிட்டார்கள்.

நடந்தது என்ன? 'எம்மா' 221 பவுண் 6 ஷில்லிங் 4 பென்ஸ் இலாபம் காட்டியது. 'மான்ஸ்பீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்போ 182 பவுண் 8 ஷில்லிங் 3 பென்ஸ் நட்டம் காட்டியது. இரண்டும் ஒரே பதிப்பாளரிடம் இருந்ததால் ஒன்றின் நட்டம் மற்றதன் இலாபத்திலே கழிக்கப்பட்டது. ஜேனின் கைக்கு வந்தது 38 பவுண் 18 ஷில்லிங். நான்கு வருடங்களின் பின்னும் 'எம்மா'வின் 539 பிரதிகள் கிடங்கிலே கிடந்தன. 1821இல் அவை இரண்டு ஷில்லிங் வீதம் தள்ளிவிடப்பட்டன. வெளிவந்தபோது அதன் விலை 21 ஷில்லிங்.

ஆக, விற்கக்கூடாத நூலை விற்றார். விற்றிருக்க வேண்டிய நேரத்தில் விற்க மறுத்தார். இதனை ஜேனின் அறியாமை என்று கூற நான் விரும்பவில்லை. எகர்டன் இரண்டாம் பதிப்புக்குத் தயங்கியது, சந்தை எவ்வளவு தாங்குமென்று அவருக்குத் தெரிந்திருந்ததனால். எந்தெந்த நூலகம் எத்தனை பிரதி எடுக்கும், எப்போது கேட்பது நிற்கும் என்ற விபரமெல்லாம் பதிப்பாளரின் பேரேட்டில் இருந்தது. கிராமத்தில் இருந்து எழுதியவருக்கு அந்தப் பேரேட்டைப் புரட்டிப்பார்க்க வழியில்லை. இரு பேரங்களிலும் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டே நின்றார். இதில் பதிப்பாளர் திருடினார் என்பதற்கும் ஆதாரமில்லை. மரேயின் கணக்கு பென்ஸ் வரை ஒழுங்காகவே இருக்கிறது.

1816 மார்ச்சில் இன்னொரு அடி விழுந்தது. ஹென்றியின் வங்கி முறிந்தது. எட்வேர்ட் 20,000 பவுணும் தாய்மாமன் 10,000 பவுணும் இழந்தனர். ஜேன் இழந்தது 13 பவுண் சொச்சம்தான். முந்திய வருமானத்தில் 600 பவுணை அவர் அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டுவைத்திருந்தார். அதிலிருந்து வருடம் 30 பவுண் வந்தது. அந்த வருடமே ஹென்றி மூலம் பத்துப் பவுண் கொடுத்து 'சூசன்' பிரதியை மீட்டார். 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' ஆசிரியரின் நாவலை இத்தனை வருடம் கையில் வைத்திருந்தீர்கள் என்பதைப் பணம் கொடுத்து முடித்தபின்னரே ஹென்றி சொன்னாராம் என்று குடும்பத்தார் எழுதியுள்ளனர்.

1817 மார்ச் அளவில், நோயுற்றிருந்த நிலையில், அவர் ஒரு சிறு கடதாசியில் தன் நாவல்களின் இலாபத்தை எழுதினார். 600 பவுணுக்கு மேலதிகமாக: முதற் பதிப்பு 'மான்ஸ்பீல்ட் பார்க்' மீதி 13 பவுண் 7 ஷில்லிங், 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' இரண்டாம் பதிப்பில் 12 பவுண் 15 ஷில்லிங், 'எம்மா' 38 பவுண் 18 ஷில்லிங், மீண்டும் 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' 19 பவுண் 13 ஷில்லிங். கூட்டிப் பார்த்தால் யாவும் சேர்த்து 684 பவுண் 13 ஷில்லிங். நான்கு நாவல்கள் அச்சில் வந்த ஆறு வருடங்களின் வருமானம் அது. எட்ஜ்வேர்த் ஒரே நாவலுக்குப் பெற்றதில் மூன்றிலொரு பங்கு. ஆனாலும் ஷில்லிங்கைக்கூட விடாமல் எழுதியிருக்கும் அந்தக் கடதாசியைப் பார்க்கையில், எழுத்திலிருந்து வந்த பணம் அவருக்கு எவ்வளவு பொருட்டாக இருந்தது என்பது விளங்குகிறது. பணத்தைப் பொருட்படுத்தாத தூய கலைஞர் என்ற படம் பிற்காலத்தில் குடும்பத்தார் வரைந்தது.

அதே வருடம் ஜூலை 18ஆம் திகதி வின்செஸ்டரில் தமது 41ஆவது வயதில் காலமானார். டிசம்பரில் 'சூசன்' பிரதி 'நோர்தாங்கர் அபே' என்ற பெயரிலும், அதனோடு 'பேர்சுவேஷன்' நாவலும் வெளிவந்தன. அந்நூலுக்கு ஹென்றி எழுதிய குறிப்பில்தான் ஆசிரியரின் பெயர் முதன்முதலாக வாசகருக்குத் தெரியவந்தது. 1750 பிரதிகள் அச்சான அந்நூல் கசண்ட்ராவுக்கு 500 பவுணுக்கு மேல் இலாபம் கொடுத்தது.

1832இல் ரிச்சர்ட் பென்ட்லி என்ற பதிப்பாளர் ஆறு நாவல்களையும் மலிவுப் பதிப்பாகப் போட விரும்பினார். ஐந்து நாவல்களின் எஞ்சிய உரிமைக்கு ஹென்றியும் கசண்ட்ராவும் பெற்றது 210 பவுண். ஆறாவதான 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' உரிமைக்குரிய 40 பவுண், இறந்துபோன எகர்டனின் சொத்தைப் பராமரித்தவர்களுக்குப் போயிற்று.

பின்வந்தவர்களின் கதையும் பெரிதாக மாறவில்லை. 1847இல் எமிலி புரொன்டேயும் ஆன் புரொன்டேயும் தம் முதல் நாவல்களை அச்சிட நியூபி என்ற பதிப்பாளருக்கு 50 பவுண் கட்டினார்கள். 'வதரிங் ஹைட்ஸ்' அவ்வாறு வந்த நூல். கட்டிய பணம் திரும்பவில்லை. அதே வருடம் அவர்களது சகோதரி சார்லொட், நேர்மையான பதிப்பாளர் ஒருவர் வாய்த்ததால், 'ஜேன் அயர்' உரிமைக்குக் கட்டங்கட்டமாக 500 பவுண் பெற்றார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் எழுதப்பட்ட நாவல்கள் இவை!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரோயல்டி முறை பரவியது. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் விலையில் இத்தனை வீதம் என்பது ஏற்பாடு. எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையிலான பழைய பிணக்குத் தீர்ந்தது போலத் தோன்றியது. காதல் நாவலையே தொழிலாக்கிய நிறுவனங்கள் இம்முறையில்தான் வளர்ந்தன. 1908இல் லண்டனில் ஆரம்பித்த மில்ஸ் அன்ட் பூன் நிறுவனத்தின் சிறு நாவல்களைக் கொழும்பின் பழைய புத்தகக் கடைகளில் கண்டிராதவர் இல்லை. 1949இல் கனடாவின் வினிபெக் நகரில் தொடங்கிய ஹார்லிகுவின் அதனை 1971இல் வாங்கியது.

2012 ஜூலையில் நாவலாசிரியைகள் மூவர் ஹார்லிகுவினுக்கு எதிராக நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 1990 முதல் 2004 வரை செய்யப்பட்ட ஒப்பந்தங்களின்படி, மின்னூல் விற்பனையில் பதிப்பாளருக்குக் கிடைக்கும் தொகையில் பாதி ஆசிரியருக்கு உரியது. பார்த்தால் தாராளமான ஒப்பந்தம். ஆனால், ஒப்பந்தத்தில் 'பதிப்பாளர்' என்று கையெழுத்திட்டிருந்தது சுவிட்சர்லாந்திலிருந்த ஒரு துணைக் கம்பனி. அது உரிமையைத் தாய்க் கம்பனிக்கு விலையில் 6 முதல் 8 வீதத்துக்குக் கொடுத்திருந்தது. ஆசிரியருக்குக் கிடைத்தது அதில் பாதி, அதாவது விலையில் 3 அல்லது 4 வீதம். 8 டொலர் நூலொன்றுக்கு 24 முதல் 32 சதம். தாய்க் கம்பனி கடைகளிலிருந்து பெறும் பணத்தில் பாதியே தமக்குரியது என்றும், அப்படிப் பார்த்தால் அதே நூலுக்கு இரண்டு டொலரளவில் வரவேண்டும் என்றும் அவர்கள் வாதிட்டனர். கம்பனி இதனை மறுத்தது.

1809இல் கிரொஸ்பி, ஒப்பந்தத்தில் காலவரையறை இல்லை என்று எழுதினார். இவர்கள் ஒப்பந்தத்தில் 'பதிப்பாளர்' யாரென்று பாருங்கள் என்றார்கள். 2013 ஏப்ரலில் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2014 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பகுதிக்கு உயிர் கொடுத்தது. அதே வருடம் ஹார்லிகுவின் 455 மில்லியன் கனேடிய டொலருக்கு நியூஸ் கோர்ப் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2016இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களுக்காக ஒதுக்கப்பட்ட தொகை 4.1 மில்லியன் அமெரிக்க டொலர்.